கோத்தகிரியில் ஆக்சலாட்டல் குட்டி: கம்மி செலவில் என்ன தீனி கொடுக்கலாம்?

கட்டபெட்டு_தொட்டி கேட்டது:

வணக்கம். வீட்டுல ஆக்சலாட்டல் (செவுளோட தண்ணியிலயே வாழுற மெக்சிகோ நாட்டுச் சாலமாண்டர்) குட்டி ஒண்ணு வளருது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் 6 செ.மீ., நாலு காலும் முளைச்சாச்சு. 8 லிட்டர் பிளாஸ்டிக் டப்புல, மணலோ கல்லோ போடாம, தனியா இருக்கு. தினமும் முழுத் தண்ணியும் மாத்துறோம். தண்ணி பகல்ல 18 டிகிரி, விடியக்காலைல 14 வரைக்கும் இறங்குது.

தீனிதான் இப்போ தலைவலி. குட்டியைக் கொடுத்த கோயம்புத்தூர் கடையில ஃப்ரோசன் பிளட்வார்ம் (உறைய வச்ச சிவப்புப் பூச்சி இளம்புழு) ஒரு பாக்கெட் கையில கொடுத்து, இதையே போட்டு வளர்த்துடலாம்னு சொன்னாங்க. இங்க அது கிடைக்காது, ஒவ்வொரு தடவையும் மலை இறங்கணும். பஸ் செலவையும் சேர்த்தா கட்டுப்படியாகல. மாசம் 300 ரூபாய்க்கு மேல தீனிக்கு ஒதுக்க வழியில்ல.

பக்கத்து வீட்டு மண்புழு உரத் தொட்டியிலிருந்து புழு எடுத்து, பொடியா வெட்டிப் போட்டா வாயில வாங்கிட்டு உடனே துப்பிடுது. தலையை ரெண்டு உதறு உதறிட்டு மூலைக்குப் போயிடுது. பசி இல்லையா, புழு சரியில்லையா? எவ்வளவு, எத்தனை தடவை கொடுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மண்புழு_குன்னூர்:

பசி இல்லாமல் இல்லை. புழு கசக்குது, அதான் துப்புது.

உரத் தொட்டிப் புழுன்னு பொதுவா சொன்னாலும் நம்ம ஊர்ல மூணு வகை இருக்கு. ஒண்ணைக் கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க. உடம்பு முழுக்க சிவப்பும் வெளிர்மஞ்சளும் வளையம் வளையமா மாறி மாறி இருந்து, லேசா அழுத்தினதும் மஞ்சளா ஒரு நீர் கசிஞ்சு நாத்தம் அடிச்சா அது ஐசீனியா ஃபெடிடா. உங்க பக்கத்து வீட்டுல இருக்கிறது பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும், ஏன்னா குளிர் தாங்குறது இதுதான். எதிரிகிட்ட இருந்து தப்பிக்க அது விடுற நீர்தான் அந்த மஞ்சள். வெட்டும்போது இன்னும் அதிகமா விடும். நீங்க பச்சையா வெட்டிப் போட்டதால துண்டு முழுக்க அந்தக் கசப்பு ஏறிடுச்சு.

ரெண்டாவது யூட்ரிலஸ். நீளமா, கருஞ்சிவப்பா, மேல ஊதா மினுமினுப்போட இருக்கும். கசப்பு கிடையாது, ஆக்சலாட்டல் நல்லா சாப்பிடும். ஆனா அது ஆப்பிரிக்கப் புழு. 12 டிகிரிக்குக் கீழ போனா சுணங்கிச் செத்துடும். மேட்டுப்பாளையத்துல சரசரன்னு பெருகும், கோத்தகிரியில டிசம்பர்ல வீட்டுக்குள்ள வச்சாத்தான் பிழைக்கும். மூணாவது பெரியோனிக்ஸ், நம்ம நாட்டுப் புழு. மெல்லிசு, முன்பக்கம் நீல மினுப்பு, தொட்டா பாம்பு மாதிரி துள்ளும். கொடுக்கலாம், ஆனா மழை வர்ற அன்னிக்குத் தொட்டியை விட்டுக் கூட்டமா வெளியேறிடும். மூடி இறுக்கமா இருக்கணும்.

கையில இருக்கிற ஐசீனியாவையே சாப்பிட வைக்கலாம். முந்தின நாள் ராத்திரி ரெண்டு மூணு புழுவை எடுத்துக் கழுவி, ஈரமான நியூஸ்பேப்பர் துண்டோட ஒரு டப்பாவுல போட்டு வச்சிடுங்க. மூடியில நாலு ஓட்டை போதும். விடியுறதுக்குள்ள வயித்துல இருக்கிற மண்ணை வெளியேத்திடும். மறுநாள் கொதிக்க வச்சு இறக்கின தண்ணியில டீ வடிகட்டியோட முழுப் புழுவை 5லிருந்து 10 விநாடி முக்குங்க. புழு விறைச்சு, தண்ணி கொஞ்சம் கலங்கும். உடனே பச்சைத் தண்ணியில அலசிட்டு, அதுக்கப்புறம்தான் வெட்டணும். இந்த வரிசை முக்கியம்: முக்கி, அலசி, பிறகு வெட்டு. வெட்டிட்டு முக்கினா சத்தெல்லாம் தண்ணியோட போயிடும்.

துண்டோட தடிமன் குட்டியோட ரெண்டு கண்ணுக்கும் இடையில இருக்கிற இடைவெளியைத் தாண்டக் கூடாது. 6 செ.மீ. குட்டிக்கு நீளம் அரை செ.மீ. போதும். தடிப்பான புழுவை வெட்டுறதை விட, தொட்டியில நூல் மாதிரி இருக்கிற இளம்புழுக்களைப் பொறுக்கிக் கொடுக்கிறது இன்னும் நல்லது. அதுல கசப்பும் கம்மி, வெட்டுற வேலையும் இல்ல.

முக்கின புழு அசையாது. குட்டிக்குக் கண்பார்வை மட்டு, அசைவையும் வாசனையையும் வச்சுத்தான் பாயும். முனை மழுங்கின பிளாஸ்டிக் இடுக்கியில துண்டைப் பிடிச்சு மூக்குக்கு ஒரு செ.மீ. முன்னால, கொஞ்சம் பக்கவாட்டுல, மெல்ல ஆட்டுங்க. வாயைத் திறந்து தண்ணியோட சேர்த்து ஒரே இழுப்பா உறிஞ்சும். அந்த நேரத்துல இடுக்கியை விட்டுடணும். மூக்குல இடிச்சா அன்னிக்கு அவ்வளவுதான், திரும்பிக்கும்.

சொந்தமா ஒரு தொட்டி வச்சுக்கிட்டா உங்க செலவுப் பிரச்சினை முடிஞ்சது. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டோ பழைய டப்போ எடுத்து நல்லாக் கழுவி, அடியில 4 மி.மீ. ஓட்டை பத்துப் பதினஞ்சு போடுங்க. கீழ ரெண்டு இஞ்சுக்குத் தேங்காய் நார்க்கழிவு, அது மேல அரையடி உயரத்துக்கு மூணு வாரம் ஆறப்போட்ட மாட்டுச் சாணமும் கிழிச்ச அட்டைப்பெட்டியும் சம பாதி. புதுச் சாணம் போடவே கூடாது, சூடேறிப் புழு வெந்துடும். மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தா அந்தச் சாணத்தைச் சில வாரத்துக்குத் தொடாதீங்க, மருந்து சாணத்தோட வெளிய வந்து புழுவையும் கொல்லும். ஈரம் எவ்வளவுன்னா, ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா விரல் இடுக்குல ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. கால் கிலோ புழு விட்டா சிறிசும் பெரிசுமா நூத்துக்கணக்குல இருக்கும். முதல் ரெண்டு மாசம் கம்மியா எடுங்க. முட்டை பொரிச்சு, குஞ்சு வளர்ந்து, அது முட்டை வைக்க ஆரம்பிச்சிட்டா ஒரு ஆக்சலாட்டல் தின்னு தீர்க்க முடியாது.

வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு பிடி காய்கறித் தோல். கேரட், முட்டைக்கோஸ், சௌசௌ எல்லாம் சரி. எலுமிச்சை, வெங்காயம், பூண்டு, மிளகாய், எண்ணெயோ உப்போ பட்ட மிச்சம் எதுவும் வேண்டாம். கடைக் காய்கறித் தோலை மருந்து போக ரெண்டு அலசு அலசிப் போடுங்க. மேல ஈரச் சாக்கு. எறும்பு வராம இருக்க நாலு செங்கல்லைத் தண்ணித் தட்டுல வச்சு அது மேல பக்கெட்டை ஏத்துங்க. கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் கனமா வரும், அதனால கூரைக்குக் கீழ வைங்க.


ஊட்டி_நீர்ச்செடி:

மேலே சொன்ன முறையை அப்படியே பின்பற்றலாம். அளவையும் கழிவையும் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் சின்ன டப்பில் குட்டி சாவது பெரும்பாலும் பட்டினியால் அல்ல, மிச்சத் தீனி அழுகி ஏறும் அம்மோனியாவால்.

எவ்வளவு கொடுப்பது என்பதைத் துண்டுகளை எண்ணி முடிவு செய்ய வேண்டாம். மேலிருந்து நேராகப் பாருங்கள். தலைதான் உடம்பிலேயே அகலமான பகுதி. வயிறு தலையின் அகலத்துக்கு வந்துவிட்டால் போதும், நிறுத்திவிடுங்கள். வயிறு தலையை விடக் கணிசமாகக் குறுகி, வாலின் அடிப்பகுதி ஒட்டிப்போயிருந்தால் தீனி பற்றவில்லை. தலையை மிஞ்சிப் பிதுங்கினால் ஒரு நாள் விட்டுவிடலாம். 6 செ.மீ. அளவில் தினம் இரண்டு வேளை, வேளைக்கு மூன்று நான்கு துண்டு என்பது ஏறத்தாழ சரியாக வரும். 10 செ.மீ. தாண்டியதும் ஒரு வேளை போதும். 15 செ.மீ. ஆனதும் ஒன்றுவிட்டு ஒரு நாள். முழு வளர்ச்சி அடைந்தபின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறைதான். ஆக, தீனிச் செலவு அதிகமாக இருப்பது இந்த முதல் சில மாதங்கள் மட்டுமே. அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்து அளவைக் குறைக்காதீர்கள். தனியாக இருப்பதால் உங்கள் குட்டிக்குக் கவலை இல்லை. கூட்டமாக வளர்த்தால் பசித்த குட்டிகள் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும்.

பிளட்வார்ம் மோசமான தீனி அல்ல, ஆனால் அதில் தண்ணீர்தான் அதிகம். அதை மட்டும் போட்டு வளர்த்தால் வளர்ச்சி மந்தமாகும். இருக்கிற பாக்கெட்டை வாரத்துக்கு இரண்டு நாள் என்று நீட்டிக்கலாம். ஒரு வேளைக்குப் பாக்கெட்டில் இருக்கும் ஒரு கட்டியில் கால் பங்கு போதும். உறைந்த நிலையிலேயே கத்தியால் வெட்டி, மிச்சத்தை உடனே ஃப்ரீசருக்குள் வையுங்கள். எடுத்ததை டீ வடிகட்டியில் போட்டு, குளோரின் போன தண்ணீரில் கரையவிட்டு, அந்தச் சிவப்புத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் போடுங்கள். அந்தச் சிவப்புத் தண்ணீர் டப்புக்குள் போனால் தண்ணீர் கெடும், குட்டிக்கு ஒரு பயனும் இல்லை. மேட்டுப்பாளையம் வழியாகக் கொண்டுவரும்போது பாக்கெட்டை நியூஸ்பேப்பரில் நான்கு சுற்றுச் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பையோடு வையுங்கள். வழியில் உருகியதை மறுபடி உறையவைத்தால் அது கூழாகிவிடும், கெட்டும் போயிருக்கும். குப்பையில்தான் போட வேண்டும். டப்பாவில் வரும் காய்ந்த பிளட்வார்ம் மிதக்கும், குட்டி காற்றையும் சேர்த்து விழுங்கும். வேண்டாம்.

மருந்துக்கடையில் 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, நுனியில் ஒரு சாண் ஏர் டியூப் மாட்டுங்கள். தீனி போட்ட 20 நிமிடத்தில் தின்னாமல் கிடப்பதை அதால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் துண்டின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை படரும். அடுத்து அது செவுளில் ஒட்டும். கழிவையும் கண்ட உடனே எடுங்கள். மாற்றும் தண்ணீர் ஆன்டி குளோரின் போட்டதாக, டப்பில் இருப்பதோடு ஒரே சூட்டில் இருக்கட்டும். மாற்றுத் தண்ணீரை முந்தின இரவே அதே அறையில் பக்கெட்டில் பிடித்து வைத்தால் இது தானாக நடந்துவிடும்.

சமவெளியில் இந்த உயிருக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது. 22 டிகிரியைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். கோத்தகிரிக் குளிரில் அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம்.


கட்டபெட்டு_தொட்டி:

ரொம்ப நன்றி அண்ணா. பக்கத்து வீட்டுப் புழு வளையம் போட்டதுதான், மஞ்சள் நீரும் வருது. இன்னும் சில சந்தேகம். தேயிலைத் தோட்டத்து ஓரம் தோண்டினா தடிப்பான புழு சும்மாவே கிடைக்குது, எடுக்கலாமா? ஓடையில தலைப்பிரட்டை நிறைய, அது? கோழி ஈரல் கொஞ்சம் நறுக்கிப் போடலாமா? ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணியில வாழுற பொடி இறால் மாதிரி உயிர்) முட்டை சின்ன பாக்கெட் ஒண்ணு இருக்கு, உப்புத் தண்ணியில போட்டு ரெண்டு நாளாகியும் பொரியல.


பூம்பாறை_மேடு:

ஆர்ட்டீமியா பொரியாததுக்குக் காரணம் குளிர். அதுக்கு 26லிருந்து 28 டிகிரி வேணும். அந்தச் சூட்டுல ஒரு நாள்ல பொரியும், நம்ம மலை வீட்டுக்குள்ள 16 டிகிரியில அப்படியே கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் கல்லுப்பு, அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி. நம்ம மலைத் தண்ணி மென்மையானது, கொஞ்சம் புளிப்புத்தன்மையும் இருக்கும், அதனால சமையல் சோடா ஒரு சிட்டிகை. முட்டை கால் டீஸ்பூன். ஏர் பம்ப் குழாய் பாட்டிலோட அடிமட்டம் வரைக்கும் போய் விடாம குமிழ் விடணும், முட்டை அடியில படிஞ்சா பொரியாது. தண்ணி பாட்டிலுக்கு மலையில தடை இருக்கிறதால கண்ணாடி ஜூஸ் பாட்டில் எடுத்துக்கோங்க. அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள்ள நிறுத்தி, பக்கத்துல சுடுதண்ணி நிரப்பின பாட்டில் ரெண்டு வச்சு, தண்ணி ஆறும்போதெல்லாம் மாத்துங்க. 40 வாட் குண்டு பல்பு இருந்தா, பாட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி எரியவிட்டா இன்னும் சுலபம். வெளிச்சமும் பொரிக்க உதவும். அப்போ தெர்மாகோல்ல பல்பு படாம பாத்துக்கணும், உருகிடும்.

பொரிஞ்சதும் பம்பை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டா ஓடு மேல மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு கீழ கூடும். கீழ இருக்கிறதை மட்டும் குழாயால இறக்கி, துணியில வடிச்சு, நல்ல தண்ணியில அலசிக் கொடுங்க. உப்பு போகாம ஊத்தக் கூடாது. ஆனா ஒண்ணு, 6 செ.மீ. குட்டி இதுல வயிறு நிரப்ப ரொம்பப் பாடுபடணும். இது ரெண்டு மூணு செ.மீ. குஞ்சுக்கான தீனி. முட்டை கையில இருந்தா தீர்த்துடுங்க, புதுசா வாங்க வேண்டாம்.

நம்ம குளிருக்குன்னே ஒரு புழு இருக்கு: வெள்ளைப்புழு, ஒயிட்வார்ம்னு மீன் வளர்க்கிறவங்க சொல்வாங்க. ஒரு இஞ்சு நீளம், வெள்ளை நூல் மாதிரி. கீழ்நாட்டுல ஃப்ரிட்ஜ் இல்லாம வளர்க்க முடியாது, கொடைக்கானல்லயும் ஊட்டியிலயும் சமையல்கட்டு மூலையிலயே வளரும். சலிச்ச நார்க்கழிவும் மருந்து படாத மண்ணும் கலந்து ஒரு டிபன் டப்பாவுல மூணு இஞ்சு, ஈரமா. நடுவுல குழி பண்ணி, பால்ல நனைச்ச ரொட்டித் துண்டு ஒரு ரூபாய்க் காசு அளவு வச்சு, மேல ஒரு கண்ணாடித் துண்டு மூடுங்க. ரெண்டு நாள்ல ரொட்டியைச் சுத்திப் புழு கொத்தா அப்பிக்கும், இடுக்கியால அள்ளி அலசிப் போடலாம். ரொட்டி தீர்ந்தபிறகுதான் அடுத்த துண்டு. மிஞ்சினா பூசணம் பிடிச்சு, உண்ணி ஏறி, டப்பாவே வீணாகும். இதுல கொழுப்பு அதிகம், வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். மூலப்புழுவை ஒரு தடவை கூரியர்ல வாங்கினா போதும்.

டாஃப்னியாவும் (தண்ணியில துள்ளி நீந்துற பொடி உயிர்) மலையில சுகமா வளரும். வாசல்ல 20 லிட்டர் பக்கெட், வெயில்ல பச்சையேறின தண்ணி, மூணு நாளைக்கு ஒரு தடவை கால் டம்ளர்ல கரைச்ச ஈஸ்ட் ஒரு சிட்டிகை. தண்ணி லேசா கலங்கி, ஒரு நாள்ல தெளியணும். தெளியலன்னா அடுத்த ஈஸ்ட் போடாதீங்க, அத்தனையும் மூச்சு முட்டிச் செத்துடும். மண்புழு கொடுக்க நேரமில்லாத அன்னிக்கு ஒரு கரண்டி விட்டுட்டுப் போகலாம், உயிரோட இருக்கிறதால தண்ணி கெடாது. ஆனா குளத்துல வலை போட்டு அள்ளாதீங்க, தட்டான் இளம்புழு ஒண்ணு கூட வந்தா குட்டியையே கடிச்சுக் குதறிடும்.


மழைக்காட்டுத்_தவளை:

தேயிலைத் தோட்டப் புழு வேண்டாம் தம்பி. மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பார்கள். அது மண்ணில் தங்கும், மண்ணைத் தின்னும் புழுவின் உடம்பில் சேரும். நீர்நில வாழ்விகளுக்குத் தாமிரம் விஷம். உருளைக்கிழங்கு, கேரட் தோட்டத்துப் புழுவும் அதே போலத்தான். நூற்புழுவுக்குப் போடும் குருணை மருந்து, களைக்கொல்லி எல்லாம் அங்கே உண்டு. சாலையோர மண்ணும் வேண்டாம். மருந்தே படாத வீட்டுத் தோட்டமாக இருந்தால் எடுக்கலாம்.

தலைப்பிரட்டையைக் கண்டிப்பாகத் தொடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் இந்த ஓடைகளில் வளர்கின்றன, அவற்றில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவையும் உண்டு. தேரையின் தலைப்பிரட்டையில் விஷம் இருக்கும். ஓடை நீரோடு ஒட்டுண்ணியும், தவளை இனங்களைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் டப்புக்குள் வரலாம். அதே காரணத்தால் டப்புத் தண்ணீரையும் ஓடையில் கொட்டக் கூடாது. வீட்டுச் சாக்கடையிலோ வறண்ட மண்ணிலோ ஊற்றுங்கள். வளர்க்க முடியாமல் போனால் குட்டியை எந்தக் காலத்திலும் ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். இது மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ, சால்கோ போன்ற ஏரிகளில் வாழ்ந்த உயிர். அங்கேயே அழியும் தறுவாயில் இருக்கிறது. நம் மலைக் குளிர் அதற்குப் பிடிக்கும் என்பதுதான் இங்கே ஆபத்து.

ஈரல், கோழி, மாட்டு இதயம் எதுவும் வேண்டாம். அவை இதற்கு ஏற்ற தீனி அல்ல. உப்புப் போடாத பச்சை இறால் நறுக்கியது எப்போதாவது சரி. சாக்கடையில் அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸ் என்னும் சேற்றுப் புழு கிருமி மூட்டை. கடையில் தீனிக்கு விற்கும் சின்ன கோல்ட்ஃபிஷ்ஷில் ஒட்டுண்ணி இருக்கும், வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருளும் இருக்கும். மீல்வார்ம் என்னும் வண்டு இளம்புழுவின் ஓடு கடினம், குட்டிக் குடலில் அடைத்துக்கொள்ளும்.

மலைத் தண்ணீர் மென்மையானது என்று மேலே சொன்னார்கள். இந்த விலங்குக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் ஒத்துவரும். கோழித் தீவனக் கடையில் கிளிஞ்சல் துகள் மலிவாகக் கிடைக்கும். ஒரு பிடியைக் கழுவி, வலைத்துணியில் கட்டி, மாற்றுத் தண்ணீர் பிடித்து வைக்கும் பக்கெட்டில் போட்டு வையுங்கள். டப்பில் வேண்டாம், துணி அவிழ்ந்தால் துகளை விழுங்கிவிடும்.

இன்னொன்று. ஆக்சலாட்டல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணை உயிர்களை வைத்திருப்போர் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டியை விற்ற கடையில் அதற்கான தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.


மண்புழு_குன்னூர்:

டிசம்பர், ஜனவரிக்கு ஒரு வார்த்தை. உறைபனி விழுற நாள்ல டப்புத் தண்ணி 10, 12க்கு இறங்கும். அப்போ செரிமானம் மந்தமாகும், வழக்கமான அளவு கொடுத்தா ஒரு நாள் கழிச்சுக் கக்கிடும். ஒரு வேளையா குறைச்சு, தண்ணி கொஞ்சம் சூடேறுற மத்தியானத்துல கொடுங்க. மூணு நாளா கழிவு வரலன்னா அது வர்ற வரைக்கும் நிறுத்துங்க. புழுத் தொட்டியையும் ராத்திரி உள்ள இழுத்து, சாக்கு ரெண்டு மடிப்பா போடுங்க. குளிர்ல புழு பெருகுறது குறையும், அதனால கார்த்திகைக்குள்ள தொட்டி நிறைஞ்சிருக்கணும்னா இப்பவே ஆரம்பிச்சிடுங்க.